ஓரத்தை நம்பாதே: புதிதாகச் சைக்கிள் எடுப்பவர்களுக்கு

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இருட்டு பிரியும்போது கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயில் வந்துவிடும். அந்தப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு காலைகளில் முட்டுக்காடு பாலம், கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று சைக்கிள்கள் வரிசையாகத் தெற்கே போகின்றன. 2021 ஜூலையில் முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதித்தது இந்தச் சாலையில்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வண்டி வாங்கிய பையன்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளி, மீன் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊருக்குள் வரும் பெரியவர், இவர்கள்தான் சாலையில் தினமும் இருப்பவர்கள். விலை உயர்ந்த வண்டி இல்லாததால் இவர்களுக்கு யாரும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதில்லை. இதைப் படிக்கிறவர்கள் அவர்களிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

1. ஓரத்தை நம்பாதே.

வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புவது "ஓரமாகப் போ" என்றுதான். அன்பில் சொல்கிறார்கள். ஆனால் தார் முடிகிற அந்த விளிம்பை ஒரு நாள் நடந்து போய்ப் பார். மண் அரித்து நாலு விரல் பள்ளம், சில இடங்களில் ஒரு சாண். கடலோர ஊர்களில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். உடைந்த பாட்டில் சில்லு, மூடி உடைந்த வடிகால், நிறுத்தி வைத்த காரிலிருந்து சட்டென்று திறக்கும் கதவு. விளிம்பிலேயே ஓட்டினால் இவற்றில் ஏதோ ஒன்றுக்காக நீ திடீரென வலப்பக்கம் ஒடிக்க வேண்டி வரும். பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

விளிம்பில் போகும் சைக்கிளைப் பார்த்தால் டிரைவர் வேகத்தைக் குறைப்பதும் இல்லை. எதிரே லாரி வந்தாலும் நடுவில் நுழைந்து போய்விடலாம் என்று நினைக்கிறார். விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே, ஆடாமல் நேராக நீ ஓட்டினால் அப்படி நுழைய முடியாது. ஒன்று, வேகம் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுதாக விலகித் தாண்ட வேண்டும். ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். உன்னைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறார்.

இன்னொரு காரணம் எனக்கு உடம்பில் எழுதியிருக்கிறது. செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம், மாலை நெரிசல். ஒரு பஸ் என்னைத் தாண்டியது. தாண்டி முடிப்பதற்குள் ஆள் ஏற்றுவதற்காக இடப்பக்கம் ஒடித்தது. பஸ்ஸின் தகடு என் வலது தோளை உரசியது. இடப்பக்கம் எனக்கு மூன்றடி இருந்தது. ஹேண்டிலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் விழுந்தேன். பஸ்ஸின் பின் சக்கரம் என் முன் சக்கரத்தின் மேல் ஏறி இறங்கியது. ரிம் நெளிந்து கம்பிகள் பிய்த்துக்கொண்டு நின்றன. என் கால் அதிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட்டின் பின்பக்கம் விரிந்துபோனது. விளிம்பை ஒட்டி ஓட்டியிருந்தால் விழுவதற்கு இடமே இல்லை. கடைவாசல் கல்படிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சிக்கியிருப்பேன். பார்த்தவர்கள் சாமி காப்பாற்றியது என்றார்கள். சாமி காப்பாற்றுவதற்கு அங்கே மூன்றடி இடம் இருந்தது.

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே அகலமாகத் தார் போட்ட ஓரம் சுத்தமாக இருந்தால் அதில் போ; அது உனக்காக உள்ளது. பாலத்தின் மேலும், சாலை குறுகும் இடத்திலும், ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கை காட்டிவிட்டு, தடத்தின் நடுவுக்கு வந்துவிடு. தாண்டியதும் இடம் கொடு.

2. பெரிய வண்டியின் இடப்பக்கம் நுழையாதே.

சிக்னலில் பஸ்ஸும் லாரியும் நிற்கும்போது இடப்பக்கம் ஒரு சந்து கிடைக்கும். சைக்கிளுக்கென்றே விட்டு வைத்ததுபோல் தோன்றும். அதில் போகாதே. டிரைவரின் இருக்கை வலப்பக்கம், உயரத்தில். முன்பக்க இடது மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள்காரன் அவர் கண்ணுக்கும் தெரிய மாட்டான், கண்ணாடியிலும் தெரிய மாட்டான். அதோடு, நீள வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் உன்னைத் தாண்டிவிட்டதே என்று நீ மூச்சு விடும்போது பின் சக்கரம் உன்னிடம் வரும்.

லண்டனிலும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அங்கே சைக்கிள் மரணங்களில் இந்த இடப்பக்கத் திருப்பம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில், டிரைவருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத்தான் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஊருக்குள் வர அனுமதி என்று 2021 மார்ச் முதல் அமல்படுத்தினார்கள். நம் மாவட்டத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி நடை கணக்கில் ஓடுகிறது, நேரம்தான் பணம். அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைத் துரத்துகிறவர் வேறு ஆள். ஆனாலும் டிப்பர் இடப்பக்க விளக்கைப் போட்டால் நீ பின்னாலேயே நில். விளக்குப் போடாவிட்டாலும் நில்.

நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸைத் தாண்டும்போது வலப்பக்கமாக, பின்னால் பார்த்துவிட்டுப் போ. இடப்பக்கம் ஆட்கள் இறங்குவார்கள்.

3. தலையைக் காப்பாற்று, அது ஒன்றுக்கு மாற்று கிடையாது.

சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று நம் சட்டம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் வெவ்வேறு நாடுகளின் 40 ஆய்வுகளை, 64,000க்கும் மேற்பட்ட காயம்பட்ட சைக்கிள்காரர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது.

ஜேம்ஸ் கிராக்னெல் என்று ஒரு பிரிட்டிஷ்காரர். படகுப் போட்டியில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2010 ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், விடியற்காலையில் நேரான நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த டேங்கர் லாரியின் பக்கக் கண்ணாடி அவர் பின்மண்டையில் அடித்தது. லாரியின் உடல் அவரைத் தொடவே இல்லை, கண்ணாடி மட்டும்தான். ஹெல்மெட் பிளந்துபோனது, ஆள் பிழைத்தார். ஆனால் மூளையின் முன்பகுதி அடிபட்டு, நினைவும் சுபாவமும் மாறின. மணமும் ருசியும் போயின. பழைய மனிதராக அவர் வீடு திரும்பவில்லை என்பதை அவரும் அவர் மனைவியும் பிறகு வெளிப்படையாக எழுதினார்கள். பாண்டிச்சேரி பஸ்களின் கண்ணாடி எந்த உயரத்தில் வருகிறது என்று ஒரு முறை நின்று பார். உன் தலை உயரம் தெரியும்.

ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடாதே, வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரே ஒரு அடிக்குத்தான் தாங்கும். நாடா தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக வேண்டும். நெற்றி மூட வேண்டும்.

4. பின்னால் வருகிறவருக்கு நேரம் கொடு.

கணக்காகப் பார். நீ 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய். கார் 80இல் வருகிறது. ஒவ்வொரு விநாடியும் கார் உன்னை 15 மீட்டர் நெருங்குகிறது. பின்விளக்கு இல்லாமல், கறுப்புச் சட்டையில் அரையிருட்டில் போனால் முப்பது மீட்டரில்தான் நீ தெரிவாய். இரண்டு விநாடி. அதில் ஒரு விநாடிக்கு மேல் அவர் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஆகிவிடும். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் 150 மீட்டரில் தெரிவாய். பத்து விநாடி. சாதாரணப் பின்விளக்கு ஒன்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கும் வழியில்லாத பிள்ளையின் சைக்கிளில் பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கராவது ஒட்டிக் கொடு. பெடலிலும் ஒட்டு, மேலும் கீழும் ஆடும் வெளிச்சத்தைக் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பெண்டியம் சிப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரும், இன்டெல் நிறுவனத்தின் இந்தியத் தலைவராக இருந்தவருமான அவ்தார் சைனி 2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையில் விடியற்காலை சைக்கிள் ஓட்டும்போது, பின்னால் வேகமாக வந்த வாடகைக் கார் மோதி இறந்தார். வயது 68. அனுபவமுள்ள சைக்கிள்காரர், நண்பர்களோடுதான் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வருவதற்கு நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் செய்யாமல் விடக் கூடாது.

நம் ஊர்ச் சாலைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலை கிழக்கே போகிறது. காலை ஆறரை, ஏழு மணிக்குச் சூரியன் நேர் எதிரே. உனக்குக் கண் கூசுகிறது என்றால் உன் பின்னால் வரும் டிரைவருக்கும் கூசுகிறது. அவருக்கு நீ தெரிவதில்லை. சாயங்காலம் செங்கல்பட்டுக்குத் திரும்பும்போதும் இதே கதை. அந்த அரைமணி நேரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிடு. கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காக ஓடுவதால் வெயில் பக்கவாட்டில் விழும், இந்தத் தொல்லை குறைவு.

5. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காலியான சாலை என்று நினைக்காதே.

சனி இரவு கடலோர விடுதிகளில் விடிய விடிய விழித்திருந்தவர்கள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். குடித்தவர் ஒருவர் என்றால், குடிக்காமலேயே தூங்கி விழுகிறவர் இரண்டு பேர். பாண்டிச்சேரியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வரும் வாடகை வண்டிக்காரரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? மனித உடம்பு மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை தூக்கத்தைக் கேட்கும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பு. அரைமணி நேரம் தாமதமானால் வெயில்தான் கொஞ்சம் கூடும்.

6. எதிர்த்திசையில் வருகிறவனிடம் வீரம் காட்டாதே.

நடுத்திட்டு வந்தபின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் யூ-டர்ன் தூரமாகிவிட்டது. பெட்ரோலையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க மோட்டார் சைக்கிள்கள் தப்பான பக்கத்தில் ஓரமாகவே எதிரே வருகின்றன. நீ நியாயத்தில் இருக்கிறாய். ஆனாலும் வேகத்தைக் குறை, பெல் அடி, தேவைப்பட்டால் நின்றுவிடு. அவனுக்கு வழிவிடுவதற்காகத் திரும்பிப் பார்க்காமல் சாலையின் நடுவுக்கு மட்டும் போகாதே. அங்கே பின்னால் ஒரு பஸ் இருக்கும். எதிரே வந்தவன் போய்விடுவான்.

7. பிரேக்கைப் பழகு.

நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். வாங்கிய அன்றே பார்த்துக்கொள். வண்டியை நிறுத்தும் சக்தி முன் பிரேக்கில்தான் அதிகம். பயந்துகொண்டு பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறவர்கள் சறுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போகிறார்கள். ஆனால் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் தலைகுப்புற விழுவாய். இரண்டையும் சேர்த்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, படிப்படியாக அழுத்த வேண்டும். ஒரு காலி மைதானத்தில் கோடு கிழித்து, கோட்டுக்குள் நிற்கும்வரை பழகு. மழைக்காலத்தில் ரிம் நனைந்திருந்தால் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிரேக் கட்டை பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துவிடு. முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று உன்னை ஒரு அடி தள்ளும். அங்கே ஒரு கையில் தண்ணீர் குடிக்காதே.

விழுந்து எழுந்த வண்டியைக் கடைக்காரர் பார்க்காமல் ஓட்டாதே. சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துவிடலாம். ஃபோர்க் வளைந்திருந்தால் சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். புதிது போடு.

8. காதில் எதையும் மாட்டாதே. டிப்பர் வருவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லும்.

9. அடிபட்ட பின் முதல் பத்து நிமிடம்.

விழுந்தவுடன் துள்ளி எழுந்து "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்ல நமக்கெல்லாம் ஒரு வெட்கம். சாலையில் அடுத்த வண்டி வரும் ஆபத்து இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே இரு. கால் விரல், கை விரல் அசைகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று பார். கழுத்து வலித்தால் யாரையும் தூக்க விடாதே.

சுற்றி நிற்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். நம் ஊரில் விழுந்தவனைக் கண்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். அந்தக் குணம் நம் சொத்து. ஆனால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். நினைவு தெளிவில்லாதவன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். உதவியவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவர்மேல் வழக்கு வராமல் காக்கிறது. பெயரும் முகவரியும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

தலையில் அடிபட்டவன் எழுந்து நன்றாகப் பேசுவான், டீ குடிப்பான், வீட்டுக்குப் போய்ப் படுப்பான். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சுக் குழறினால், சொன்னதையே சொன்னால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால், காது மூக்கிலிருந்து நீரோ ரத்தமோ வந்தால், அது காலைவரை காத்திருக்கும் விஷயம் இல்லை. ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார். அன்று இரவு தனியாகப் படுக்காதே.

10. பணத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதே. ரோட்டிலேயே சமரசம் பேசாதே.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" என்ற இந்தத் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. காப்பீட்டு அட்டை வேண்டாம். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும். 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது: மோட்டார் வாகனத்தால் விபத்துக்குள்ளானவருக்கு, குறிப்பிட்ட மருத்துவமனைகளில், 7 நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் ரொக்கமில்லாச் சிகிச்சை.

இடித்தவர் இரண்டாயிரம் ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போகப் பார்ப்பார். வாங்காதே. அன்று தெரியாத எலும்பு முறிவு மூன்றாம் நாள் தெரியும். வண்டி எண்ணை யாரையாவது படம் எடுக்கச் சொல். பார்த்தவர் ஒருவருடைய போன் நம்பரை வாங்கு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கு, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேள். மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மூன்றாம் நபர் என்று சட்டம் சொல்வது உன்னைத்தான். தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் காலவரம்பு வந்திருக்கிறது.

இடித்துவிட்டு நிற்காமல் போனாலும் வழி உண்டு. அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், கடுமையான காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். முன்பு 25 ஆயிரமும் பன்னிரண்டரை ஆயிரமுமாக இருந்ததை 2022 ஏப்ரல் 1 முதல் உயர்த்தினார்கள். விண்ணப்பம் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ போகிறது. சைக்கிளில் போகும் ஏழைக் குடும்பங்களில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. துக்க வீட்டுக்குப் போகும்போது இதையும் சொல்லிவிட்டு வா.

11. பயம் வரும், வரட்டும்.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் பஸ் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு சுருங்கும். வீட்டில் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அவர்கள் கண்டது ரத்தம். அவர்களிடம் வாதாட முடியாது. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டால் குனிந்து நின்று வாங்கிக்கொள். அவர்கள் மனம் ஆறுவதற்கும் ஒரு வழி வேண்டும்.

திரும்ப ஆரம்பிக்கும்போது விழுந்த இடத்துக்கு உடனே போகாதே. சதுரங்கப்பட்டினம் பக்கம், ஏரிக்கரை, ஊருக்குள் இருக்கும் தெரு என்று வண்டி குறைந்த இடத்தில் கொஞ்ச நாள் ஓட்டு. கூட ஒருவரை வைத்துக்கொள். பிறகு போக்குவரத்து குறைந்த நேரத்தில் பழைய சாலைக்கு வா. கையெல்லாம் நடுங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பல மாதம் கழித்தும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தால், சாலையைக் கடக்கவே முடியாவிட்டால், அதற்கும் டாக்டர் உண்டு. மீண்டும் ஓட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது கோழைத்தனம் அல்ல.

12. இடம் கேள்.

இதுவரை சொன்னது எல்லாம் நீ செய்ய வேண்டியது. எல்லாம் சரியாகச் செய்தும் சாகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 27 அன்று பழைய மாமல்லபுரம் சாலையில் பண்டிதமேடு அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேகமாக வந்த கார் ஏறியதில் ஐந்து பேரும் இறந்தார்கள். அவர்கள் ஓரத்தில்தான் இருந்தார்கள்.

நெதர்லாந்தை இன்று சைக்கிள்காரர்களின் நாடு என்கிறோம். 1971இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 3,300 பேர். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார்கள் தெருவில் இறங்கிச் சாலையை மறித்தார்கள். அவர்கள் கேட்டுக்கேட்டுத்தான் சைக்கிளுக்குத் தனித் தடம் வந்தது.

நம் பக்கத்தில் சாலைகளை அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அகலமாகும் ஒவ்வொரு முறையும் கார் வேகம் கூடுகிறது, சைக்கிளின் ஓரம் சுருங்குகிறது. திங்கட்கிழமை தோறும் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரின் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போ. மனுவில் நீட்டி முழக்காமல் எழுது: எந்த இடத்தில் தார் விளிம்பு உடைந்திருக்கிறது, எந்த வளைவில் விளக்கு இல்லை, எந்தப் பள்ளிக்கு எதிரே வேகத்தடை வேண்டும், எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை சைக்கிளுக்கு மூன்றடித் தடம் வேண்டும். படங்களை இணை. ஒப்புகை ரசீது வாங்கு. பதில் வராவிட்டால் அந்த ரசீதோடு அடுத்த திங்கட்கிழமையும் போ.